கையில் வாங்கிய கவளம்

யெஷி இன்னும் கோப்பிக் கொட்டையைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறாள். இனி வறுக்க வேண்டும், இடிக்க வேண்டும், மண்கூசாவில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும், பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம், அதே தூளில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் கிண்ணம், மறுபடி மூன்றாம் கிண்ணம். மூன்றையும் குடிக்காமல் எழும்பக் கூடாதாம், மூன்றாவதில்தான் ஆசீர்வாதம் இருக்கிறதாம். தாவித் சொன்னான். தாவித் எங்கள் வானை ஓட்டுகிறவன், எங்கள் ஆங்கிலத்தை அம்ஹாரிக்கிலும் இவர்களுடைய அம்ஹாரிக்கை ஆங்கிலத்திலும் மாற்றித் தருகிறவனும் அவன்தான்; இந்த அடிஸ் அபாபாவில் எனக்கு எது தெரிந்தாலும் அது தாவித் வழியாகத்தான் தெரியும். ஆசீர்வாதம் எனக்கு எதற்கு, அதுவும் இந்த இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற யெஷியுடைய ஆசீர்வாதம். எனக்குப் பிள்ளைகள் வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வானில் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். டொரண்டோவில் காரை விட்டு இறங்காமலே யன்னல் வழியாகக் கோப்பி வாங்கி, சிவப்பு விளக்கில் மூடியைத் திறந்து, பச்சை விழுவதற்குள் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவள் நான். இங்கே தரையில் புதிதாக அறுத்த புல்லைப் பரப்பி, அதன் மேல் முக்காலியைப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே தண்ணீர்ச் சட்டியை வைத்து, கொட்டையை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள் இவள். வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுகிறாள் என்று நினைக்கிறேன். இல்லை, எப்போதும் இப்படித்தான் கழுவுவாளாயிருக்கும். இல்லை, வேண்டுமென்றேதான். இந்தக் கோப்பி முடிந்ததும் மெக்லித்தும் ஹானாவும் எங்களோடு விடுதிக்கு வந்துவிடுவார்கள், நாளைப் பின்னேரம் விமானம், அது அவளுக்குத் தெரியும். கோப்பி முடியாத வரைக்கும் அவர்கள் அவளுடைய பிள்ளைகள். அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கழுவுவேன்.

காலையில் தாவித் பின்தலையைத் தடவிக்கொண்டு வந்து கேட்டான், நாளைக்கு வழியனுப்ப யெஷியும் விமான நிலையத்துக்கு வரலாமா என்று. என் மனுஷன் குலேந்திரன் வாயைத் திறப்பதற்குள் நான், "வானில் இடமில்லை, பெட்டிகள் நிறைய" என்றேன். அந்த வானில் ஒரு கலியாண வீட்டுச் சனத்தையே ஏற்றலாம். அது தாவித்துக்குத் தெரியும், அவனுடைய வான். "சரி மேடம்" என்று போய்விட்டான். குலேந்திரன்தான் பின்னாலேயே வந்து, "என்னப்பா, இடம் இருக்குத்தானே? பாவம், வரட்டுமன்" என்றார். "பெட்டி அடுக்கிறது நானோ நீங்களோ? பேசாம இருங்கோ" என்றேன். அவள் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் ஹானா கையை நீட்டிக்கொண்டு அலறுவாள், நடுவில் நான் கடவுச்சீட்டுகளோடு நிற்பேன், வரிசையில் நிற்கிற அத்தனை சனமும் யாரோ ஒருத்தி பிள்ளை களவெடுத்துக்கொண்டு போகிறாள் என்று என்னைப் பார்க்கும். களவெடுக்கவில்லை. தத்தெடுப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டுவிட்டு நீதிபதி எழுந்து நின்று வாழ்த்தினார். மெக்லித்துக்கு ஏழு வயது, ஹானாவுக்கு மூன்று, அக்காவும் தங்கையும், தகப்பன் முதலில் போனார், தாய் காய்ச்சலில் போனாள், மாமன் ஒருவர் பேருந்தில் கொண்டுவந்து இந்த இல்லத்தில் விட்டார். அப்போது ஹானா கைக்குழந்தை. யெஷிதான் இறக்கி எடுத்தாளாம். அந்தத் தாயின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு விடுதியில் ஒரு மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட்டேன், உன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று சத்தமாகவே சொன்னேன். செத்துப்போனவளோடு எனக்கு என்ன போட்டி. இவள் உயிரோடு இருக்கிறாள், முப்பது வயதுதான் இருக்கும், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், இடுப்பில் ஹானாவைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கரி அடுப்பை விசிறுகிறாள். அந்த இடுப்பில் ஹானாவுக்கென்று ஒரு பள்ளம் இருப்பதுபோல் இருக்கிறது. என்னிடம் தந்தால் வழுகி வழுகி இறங்கிவிடுகிறாள்.

கொட்டை வெடிக்கிறது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, இப்போது புகை. தட்டை அடுப்பிலிருந்து எடுத்து ஒவ்வொருவர் முகத்துக்கும் முன்னால் கொண்டுவருகிறாள், அவரவர் கையால் புகையைத் தங்கள் பக்கம் வீசி மணக்கிறார்கள். என்னிடம் வந்தபோது நான் இரண்டு கையையும் புகைக்கு மேலே காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கற்பூரத் தட்டு வந்தால் கை தானாகப் போகிற மாதிரிப் போய்விட்டது. தாவித், "மூக்குக்கு மேடம், கண்ணுக்கு இல்லை" என்று சிரித்தான். மெக்லித்தும் சிரித்தாள். சிரிக்கட்டும், என்னைப் பார்த்துச் சிரித்தாளே. மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். மத்தியானம் நடந்ததை நான் நினைக்கப் போவதில்லை. பெரிய வட்டத் தட்டு நிறைய இன்ஜெரா, ஆட்டுக்கல்லில் அரைத்துப் புளித்து வழிந்த மாவில் சுட்ட தோசையை மடிக்காமல் விரித்துப் போட்டதுபோல, அதன் மேலே நடுவில் கடலை மாக் குழம்பு, ஓரத்தில் கீரை, எல்லாரும் ஒரே தட்டில். அதற்கு நான் தயாராகத்தான் வந்தேன். தயாராக இல்லாதது மற்றது. யெஷி ஒரு துண்டு பிய்த்து, குழம்பில் தோய்த்து, சுருட்டி, கையை நீட்டிக் குலேந்திரனின் வாயில் வைத்தாள். அவர் காகக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். என்னுடைய மனுஷன், நாற்பத்தெட்டு வயது, இன்னொருத்தியின் விரல் உதட்டில் படப்பட வாங்கித் தின்கிறார், அந்த விரல் திரும்பவும் பொதுத்தட்டுக்கு வருகிறது. எச்சில், எச்சில் என்று எனக்குள்ளே அம்மாவின் குரல் கத்தியது. "குர்ஷா" என்றான் தாவித். விருப்பமானவர்களுக்கு வாயில் ஊட்டுவது. ஒன்றோடு நிறுத்தக் கூடாது, குறைந்தது இரண்டாவது கொடுத்தால்தான் சரி. அவருக்கு இரண்டாவதும் போனது. பிறகு மெக்லித் தொடங்கினாள். ஹானாவுக்கு ஊட்டினாள், யெஷிக்கு ஊட்டினாள், தாவித்துக்கு ஊட்டினாள், எழும்பி நின்று எட்டிக் குலேந்திரனுக்கு ஊட்டினாள். அடுத்தது நான். ஒன்று சுருட்டினாள். என்னைப் பார்த்தாள். அதைத் தானே சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நினைக்கப் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா. எனக்கு அது பிடிக்காது என்று முகத்தில் எழுதியிருந்ததா. வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்தேனா. குலேந்திரன் என்ன பெரிதாகச் செய்துவிட்டார், குதிரையாகக் குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார், அவ்வளவுதான். பாலர் வகுப்பில் போல எண்களைச் சொல்லிக்கொடுத்தவள் நான், உடுப்பு அளவெடுத்தவள் நான், ஹானாவின் இருமலுக்கு விடுதிக்காரியிடம் தேன் கேட்டு வாங்கி வந்தவள் நான்.

இடிக்கிறாள். உரலும் உலக்கையும் எங்களுடையது மாதிரியேதான், சின்னது. மழை தகரக் கூரையில் விழத் தொடங்கிவிட்டது, உலக்கைச் சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது. மெக்லித் அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். அந்தத் தலையைப் பார். நேற்றைக்கு விரித்துவிட்ட மேகம் மாதிரி இருந்தது, இன்று நான் வருவதற்குள் யெஷி நெற்றியிலிருந்து பிடரிவரை வாய்க்கால் வாய்க்காலாகப் பின்னி முடித்திருக்கிறாள், ஒரு மயிர் பிசகவில்லை, நுனியில் சிவப்பு மணி. இரண்டு கிழமை அவிழாதாம், கவனமாகத் துணி கட்டிப் படுத்தால் இன்னும் கூட இருக்குமாம். யாருக்காக இதைச் சொல்கிறார்கள். டொரண்டோவில் என் வீட்டில், என் மேசையில், நான் வாங்கி வைத்திருக்கிற மஞ்சள் கதிரையில் இருந்து சாப்பிடும்போதும் அந்தத் தலையில் யெஷியின் விரல்தான் இருக்கும். நான் இந்தப் பின்னலைப் படிக்க ஒரு பொம்மை வாங்கினேன். சுருள் முடி வைத்த கறுத்தப் பொம்மை. ராத்திரிப் பணி முடிந்து வந்து கணினியில் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பொம்மைத் தலையில் பழகினேன். பிள்ளையின் தலை பொம்மைத் தலை மாதிரிச் சும்மா இருக்குமா. மச்சாள் தொலைபேசியில் கேட்டா, "ஊரில எத்தினை பிள்ளையள் தாய் தேப்பன் இல்லாம நிக்குதுகள், அதுகளை விட்டிட்டு ஆபிரிக்காவுக்கோ போறியள்? அந்தத் தலைமயிருக்கு எப்பிடி எண்ணெய் வைச்சு இழுக்கப் போறீர்?" ஊரில் கேட்கவில்லை என்று அவவுக்கு யார் சொன்னது. கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு காரணம் சொல்லி, எனக்கு நாற்பது தாண்டியதுதான் மிச்சம். அதை மச்சாளுக்குச் சொல்லவில்லை. "எண்ணெய் வைச்சு இழுக்க எனக்குத் தெரியும் மச்சாள், உங்களுக்கேன் கவலை" என்று வைத்துவிட்டேன். அவவுக்கு மூன்று பிள்ளைகள். தூக்க இரண்டு கையும் போதாது. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாடுகிற வீடுகளுக்குப் போனால் குழந்தையை ஒவ்வொருவராகக் கைமாற்றி வாங்குவார்கள், என்னிடம் வருகிற முறை வந்ததும் குழந்தைக்குப் பசி வந்துவிடும். "ஐயோ பாலுக்கு அழப்போறான்" என்று தாய் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அழாத பிள்ளை. நான் நீட்டிய கையை மடக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்வேன். அதை எத்தனை தரம் சரிசெய்திருக்கிறேன். எந்தக் குழந்தையைக் கண்டாலும் எனக்கு ஆசைக்கு முன்னால் எரிச்சல்தான் வரும், எரிச்சல் ஆறினபிறகுதான் ஆசை. பிள்ளை வந்துவிட்டால் இந்தப் புகைச்சல் போய்விடும் என்று நினைத்தேன். இந்தா, இரண்டு பிள்ளை வந்தாயிற்று, அந்தப் புகைச்சல் முழங்காலைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் கிண்ணம். உயரத்திலிருந்து நூல் மாதிரி ஊற்றுகிறாள், ஒரு சொட்டு வெளியே விழவில்லை. கைப்பிடி இல்லாத கிண்ணம், விரல் சுடுகிறது. கறுப்பு. பால் இல்லை. நல்லாகத்தான் இருக்கிறது, நல்லாக இருப்பதுதான் எரிச்சல். குலேந்திரன், "அந்தமாதிரி இருக்கு, என்னப்பா? இந்தக் கூசா ஒண்டு வாங்கிக்கொண்டு போவமோ?" என்கிறார். "வாங்கிப் போட்டு ஆர் புல்லு வெட்டிப் பரப்பிறது? நீங்களோ?" தாவித்துக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் புருஷன் பெஞ்சாதி கதை விளங்குகிறது, கிண்ணத்துக்குள் சிரிக்கிறான். மழைக் குளிருக்கு ஹானா யெஷியின் மடியில் சுருண்டுவிட்டாள், வெள்ளைச் சால்வைக்குள் கால் மட்டும் தெரிகிறது. யெஷி இரண்டு விரலால் அவளுடைய காதுமடலை மெல்ல உருட்டுகிறாள், பீடி சுற்றுகிறவர்கள் உருட்டுவதுபோல. "எமாயே" என்கிறாள் ஹானா தூக்கத்தில். என் அம்மா என்று அர்த்தம். இது எனக்குத் தாவித் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காது விஷயமும் வந்த இரண்டாம் நாளே தாவித் வழியாக யெஷி சொல்லி அனுப்பினாள், காதை உருட்டினால்தான் தூங்குவாள் என்று. நான் "ஓகே, ஓகே" என்று யன்னல் சீலையைச் சரிசெய்யப் போய்விட்டேன். என் பிள்ளை எப்படித் தூங்கும் என்பதை நானே கண்டுபிடித்துக்கொள்வேன், தாலாட்டு இருக்கிறது, தோள் இருக்கிறது, மடி இருக்கிறது. யெஷிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் படங்கள். பனியில் நிற்கிற பிள்ளைகள், நீச்சல் தடாகத்தில் நிற்கிற பிள்ளைகள், பட்டமளிப்புத் தொப்பி போட்ட ஒரு பெரிய பெடியன். எல்லாரும் இங்கே இருந்து போனவர்கள், எல்லாரும் அவளுடைய இடுப்பில் இருந்தவர்கள், பெற்றோர் அனுப்புவார்களாம். இவ்வளவு பேர் இருக்கிறார்கள் அல்லவா உனக்கு. நாளைக்கே இன்னொரு குழந்தையை யாராவது பேருந்தில் கொண்டுவந்து உன் கையில் தருவார்கள். உனக்கு வந்துகொண்டே இருக்கும். எனக்கு இது இரண்டும்தான், இதற்கு மேல் இல்லை, ஏன் கொஞ்சம் விட்டுத்தர முடியாது. நான் படம் அனுப்பப் போவதில்லை. சுவரில் ஓர் இடம் வெறுமையாக இருக்கட்டும். இப்படி நினைக்கிற ஒருத்தியை எந்த நீதிபதி எழுந்து நின்று வாழ்த்துவார். சரி, ஒரு படம் அனுப்பலாம். பின்னல் அவிழ்த்த பிறகு எடுத்தது.

இரண்டாம் கிண்ணம். முதலாவதை விட இலேசு. பிள்ளைகளுக்குக் கோப்பி இல்லை, அதனால் மத்தியானத் தட்டு இன்னும் எடுக்கவில்லை, மெக்லித் அதன் பக்கத்தில் குந்தி ஓரத்தைப் பிய்த்துக் கொறித்துக்கொண்டு தாவித்திடம் ஏதோ கேட்கிறாள். தாவித் என்னைப் பார்க்கிறான், திரும்ப அவளிடம் ஏதோ கேட்கிறான், அவள் பதில் சொல்கிறாள், கையை நீட்டி உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாள். என்ன. என்னைப் பற்றித்தான். "என்னவாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறேன், குரல் எனக்கே உரக்கக் கேட்கிறது. தாவித் கிண்ணத்தைக் கீழே வைக்கிறான். "ஒன்றுமில்லை மேடம், சின்னப்பிள்ளைக் கேள்வி. உங்கள் ஊரில் பெரியவர்களின் வாயைத் தொடக் கூடாதா என்று கேட்கிறாள். நீங்கள் வந்த முதல் நாளில் தனியாக இங்கே இருந்தபோது உங்களுக்குக் குர்ஷா தந்தாளாம். நீங்கள் வாயில் வாங்கவில்லையாம். கையை நீட்டிக் கையில் வாங்கினீர்களாம்." வாங்கினேன். குலேந்திரனும் தாவித்தும் அலுவலகத்துக்குப் போயிருந்த அன்று, இதே அறையில், அவள் ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள், நான் சந்தோஷமாக உள்ளங்கையை விரித்து நீட்டினேன், அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளங்கையில் வைத்தாள், நான் சாப்பிட்டேன், நல்லாயிருக்கு என்று தலையாட்டினேன். என் பிள்ளை எனக்குத் தந்த முதல் சாப்பாடு என்று அதைத்தான் இத்தனை நாளும் நினைத்து நினைத்துத் தூங்கினேன். அம்மா குழையல் சோறு தரும்போது அப்படித்தானே வாங்குவோம். பெரிய சட்டியில் சோறும் மீன் குழம்பும் சொதியும் போட்டுக் குழைத்துத் திரணை பிடிப்பா, நாங்கள் சுற்றியிருந்து உள்ளங்கையை நீட்டுவோம், அம்மா உள்ளங்கையில் போடுவா. வாயில் தரமாட்டா. நாங்களும் அவவின் விரலில் வாயை வைக்கமாட்டோம், கை எச்சிலானால் சட்டி முழுக்க எச்சில். கையை நீட்டுவதுதான் எங்களுக்கு ஆசை. கடைசித் திரணைக்கு, சட்டியை வழித்துப் பிடிக்கிற அந்தத் திரணைக்கு, எல்லாக் கையும் ஒன்றாக நீளும், அது எப்போதும் தம்பியின் கைக்குத்தான் போகும். இப்போது நோர்வேயில் இருக்கிறான், வழுக்கை விழுந்துவிட்டது, இன்றைக்கும் அவன் கையைக் கண்டால் எனக்கு அந்தத் திரணை ஞாபகம் வரும். "கையில் வாங்கினால் என்ன?" என்று கேட்கிறேன். தாவித் தோளைக் குலுக்குகிறான். "இங்கே அப்படி வாங்குவது, எப்படிச் சொல்ல, உன் கை வேண்டாம், சாப்பாடு மட்டும் போதும் என்ற மாதிரி. பிள்ளைக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. யெஷிதான் சொன்னாளாம், அது அவர்கள் ஊர் வழக்கமாக இருக்கும், கோபிக்காதே என்று." யெஷிதான். எனக்குத் தெரியாமல் எனக்காகப் பேசியிருக்கிறாள். எனக்காகப் பேச இவள் யார். நான் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை யாரிடமும் சொல்லவில்லையே, வானில் இடமில்லை என்று மட்டும்தான் சொன்னேன். "ஐயோ, நீர் திரணை எண்டு நினைச்சிட்டீர்" என்கிறார் குலேந்திரன், தொடையில் தட்டிச் சிரிக்கிறார். "சிரிக்காதைங்கோ" என்கிறேன். "நானும் கையைத்தான் நீட்டப் போனன் அப்பா, அவள் வாய்க்குக் கிட்டக் கொண்டு வந்திட்டாள், வேற வழியில்லை." உங்களுக்கு வாய்க்குக் கிட்ட வந்தது. எனக்கு வரவில்லை.

தாவித் எதையோ விளக்குகிறான், இரண்டு கையையும் குவித்துக் காட்டுகிறான், எங்கள் திரணையைக் குலேந்திரன் சொல்ல அவன் அதை அவர்களுக்குச் சொல்கிறான் போல, யெஷி கேட்டுக்கொண்டே மூன்றாம் தரத்துக்குத் தண்ணீர் விடுகிறாள். பிறகு மெக்லித்தைக் கிட்ட இழுத்துக் காதில் ஏதோ சொல்கிறாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். பார்த்தேன். மெக்லித் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்க்கிறாள், நடுவில் மிஞ்சியிருக்கிற குழம்பில் அழுத்தி, ஓரங்களை உள்ளே மடித்து, சிவப்பு மணிகள் ஆட என்னிடம் வருகிறாள். வருகிறாள். என் வலது கை தானாக எழும்புகிறது, அதை இடது கையால் பிடித்து மடியில் அமத்துகிறேன். வாயைத் திறக்கிறேன். எவ்வளவு காலம் ஆயிற்று யாருக்கும் முன்னால் இப்படி வாயைத் திறந்து, பல் வைத்தியர் முன்னால்தான். சின்ன விரல்கள் உதட்டில் படுகின்றன, குளிராக, நகம் மேலண்ணத்தில் கீறுகிறது, கவளம் பெரிது, கன்னம் உப்புகிறது. எச்சில், என்று கத்த அம்மா வரவில்லை. ஆனால் இது யெஷி சொல்லித் தந்தது. அவள் காதில் சொன்னாள், இவள் கொண்டுவந்தாள், அவளுடைய கைதான் இன்னும் நீளமாக நீண்டு என் வாய்வரை வந்திருக்கிறது. மென்று முடிக்குமுன் இரண்டாவது வருகிறது. அது வழக்கம், ஒன்றோடு நிறுத்தக் கூடாது, தாவித் சொன்னானே, குலேந்திரனுக்கும் இரண்டு கிடைத்தது. ஒன்று யெஷிக்காக, ஒன்று வழக்கத்துக்காக. எனக்காக எது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மெல்லுகிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நிற்கமாட்டேன் என்கிறது, துடைக்கத் துடைக்க வருகிறது. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளில் வளர்ந்த நாக்கு, இந்தக் குழம்பெல்லாம் எனக்கு ஓர் உறைப்பா. மெக்லித் குனிந்து என் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். புருவம் சுருங்குகிறது. யெஷியைத் திரும்பிப் பார்ப்பாள், இப்போது பார்ப்பாள், என்ன செய்வதென்று அவளிடம் கேட்பாள். பார்க்கவில்லை. தட்டுக்குப் போகிறாள், இந்தத் தரம் நடுவுக்குப் போகவில்லை, குழம்பு படாத வெளி ஓரத்தில் வெள்ளையாக ஒரு துண்டு தேடிப் பிய்க்கிறாள், அதில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருக்கிறது, அதைத் தன் சட்டையில் துடைக்கிறாள், ஊதுகிறாள், கொண்டுவருகிறாள். மூன்றாவது. வெறும் இன்ஜெரா. எனக்கு உறைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். இல்லையடி என்று சொல்ல அவளுடைய மொழியில் எனக்கு வார்த்தை இல்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். வாயைத் திறக்கிறேன். புளிப்பு, சட்டைத் துணியின் சவர்க்கார வாசம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. நான் யெஷியைப் பார்க்கிறேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன், அவள் கூசாவின் வாயில் அடைத்திருக்கிற நாரைச் சரிசெய்கிறாள், அது சரியாகத்தான் இருந்தது.

மூன்றாம் கிண்ணம் வந்துவிட்டது, நிறம் மட்டும்தான் கோப்பி. மெக்லித் என் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு தாவித்திடம் கேட்கிறாள், தாவித் சிரிக்காமல் என்னைப் பார்க்கிறான். "நாளைக்கு வானில் யெஷி எந்தப் பக்கம் இருப்பாள் என்று கேட்கிறாள், மேடம். நான் இன்னும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை." என் வாய் நிறைய இன்ஜெரா. குலேந்திரன் தொண்டையைச் செருமுகிறார், பெட்டிகளைப் பற்றிச் சொல்லப் போகிறார், என் பொய்யை எனக்காகச் சுமக்கப் போகிறார். கண்ணாடிக் கதவு, அலறுகிற ஹானா, பார்க்கிற சனம், எல்லாம் அப்படியே நிற்கிறது, ஒன்றும் குறையவில்லை. நான் இல்லையென்று சொன்னால் இந்தச் சின்னக் கை முழங்காலில் இருந்து எடுபடும். ஓமென்று சொன்னால் நாளைக்கு முழுப் பாதையும் யெஷி இவள் பக்கத்தில் இருப்பாள், விரலைக் கோத்துக்கொண்டு, எனக்கு விளங்காத கதைகள் சொல்லிக்கொண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நான் வரவேண்டும். விழுங்குகிறேன். மெல்லாமல் விழுங்கினதால் நெஞ்சில் அடைக்கிறது, கோப்பியை ஒரு மிடறு குடிக்கிறேன். "பெட்டியளைப் பின்னுக்கு அடுக்கலாம்" என்கிறேன் குலேந்திரனிடம். அவர் தலையை ஆட்டுகிறார். தாவித்திடம் ஆங்கிலத்தில் சொல்கிறேன்: "யெஷி மெக்லித்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். யன்னல் பக்கம்." அவன் சொல்கிறான், மெக்லித் ஏதோ கத்திக்கொண்டு குதிக்கிறாள், அந்தக் குதிப்பு எனக்காக இல்லை என்பது தெரியும். "ஹானா என்னுடைய மடியில்" என்கிறேன். "அதையும் சொல்லு. போகிற வழி முழுக்க என்னுடைய மடியில். ஒருவரிடமும் மாற்றமாட்டேன்." அதையும் சொல்கிறான். யெஷி என்னை நேராகப் பார்க்கிறாள், இத்தனை நாளில் இப்போதுதான், சிரிக்காமல். மடியில் தூங்குகிற ஹானாவை இரண்டு கையாலும் சால்வையோடு சேர்த்து அள்ளி, புல்லின் மேல் முழங்காலாலேயே நகர்ந்து வந்து என் மடியில் வைக்கிறாள். கனமாக இருக்கிறாள். பால் வாசமும் புகை வாசமும். கண்ணைத் திறக்காமல் முகத்தைச் சுளித்து, வழுகி இறங்கப் பார்க்கிறாள். யெஷி தன்னுடைய காதுமடலைத் தொட்டு இரண்டு விரலால் உருட்டிக் காட்டுகிறாள்.

"தெரியும்" என்கிறேன் தமிழில், விரல்களை ஹானாவின் காதுக்குக் கொண்டுபோகிறேன்.